நமத்துப் போகாத ஃபில்லி சீஸ்ஸ்டேக் ஃப்ரைஸ்

பொரித்த உருளைக்கிழங்கின் மேல் கறியையும் சீஸையும் கொட்டினால் லோடட் ஃப்ரைஸ் தயார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தயார்தான், ஆனால் மூன்று நிமிடத்துக்கு மட்டும். அதற்குள் கறியின் சாறு இறங்கிவிடும், வெங்காயம் தண்ணீர் விடும், சூட்டில் கிளம்பும் ஆவி வெளியே போக வழியில்லாமல் கீழேயே தங்கும். பிறகு முள்கரண்டியில் வருவது மொறுமொறுப்பே இல்லாத ஒரு கொழகொழப்பு.

இந்தச் சமையலில் ருசிக்கு யாரும் கஷ்டப்பட வேண்டாம். நல்ல மாட்டுக்கறி, வதங்கிய வெங்காயம், உருகிய சீஸ், உப்பு எல்லாம் ஒரே தட்டில் இருந்தால் ருசி தானாக வந்துவிடும். நாம் மல்லுக்கட்ட வேண்டியது ஈரத்தோடுதான். கிழங்கை எப்படி வேகவைப்பது, கறியை எப்போது உப்பிடுவது, எந்தப் பாத்திரத்தில் பரிமாறுவது என்று நான் கீழே சொல்லும் எல்லாமே ஈரம் கிழங்கைத் தொடாமல் இருக்கத்தான்.

நான் இருப்பது அப்பர் டார்பியில். அமெரிக்காவில் ஃபில்லி என்று சுருக்கிச் சொல்லும் பிலடெல்பியா மாநகரின் மேற்கு எல்லையைத் தாண்டினால் எங்கள் ஊர். இந்தப் பக்கத்தில் சீஸ்ஸ்டேக் இல்லாத தெருமுனை கிடையாது. மெல்லிசாகச் சீவிய மாட்டுக்கறியைச் சூடான இரும்புத் தட்டில் வெங்காயத்தோடு வதக்கி, சீஸ் சேர்த்து, நீள ரொட்டிக்குள் அடைத்துத் தருவார்கள். 1930-இல் தெற்கு பிலடெல்பியாவில் ஹாட் டாக் விற்றுக்கொண்டிருந்த பாட் ஒலிவியரி, கொஞ்சம் மாட்டுக்கறி வாங்கித் தன் தட்டில் வதக்கி ரொட்டியில் வைத்துச் சாப்பிடப் போனார் என்றும், அந்த வழியாக வந்த டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் வாசனை பிடித்துத் தனக்கும் ஒன்று கேட்டார் என்றும் கதை. 9-ஆவது தெருவும் பாஷங்க் அவென்யூவும் சந்திக்கிற முக்கில் அவருடைய பாட்ஸ் கடை இன்றும் இருக்கிறது. எதிரே ஜீனோஸ் என்ற போட்டிக் கடை 1966-இல் வந்தது. ஆரம்பத்தில் சீஸ்ஸ்டேக்கில் சீஸே கிடையாது. புரோவலோன் என்ற இத்தாலியச் சீஸ் பிற்பாடு சேர்ந்தது. ஜாடியில் வரும் ஆரஞ்சு நிற சீஸ் விஸ், 1950-களில் கிராஃப்ட் நிறுவனம் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

ரொட்டிக்குப் பதில் ஃப்ரைஸ் என்று வந்தால் கணக்கே மாறிவிடுகிறது. ரொட்டி சாற்றை உறிஞ்சி இன்னும் ருசியாகும். கிழங்கு உறிஞ்சினால் நமத்துவிடும். அதனால் கடையில் ரொட்டிக்குச் செய்வதை அப்படியே ஃப்ரைஸ் மேல் கவிழ்ப்பது சரிவராது.

நாலு பேருக்கு வேண்டியவை: நன்றாக முற்றிய உருளைக்கிழங்கு 1 கிலோ, ரிப்-ஐ என்ற மாட்டு விலாப்பகுதிக் கறி 450 கிராம் (இங்கே ஒரு பவுண்டு), பெரிய வெங்காயம் 1, மிதமான செடார் சீஸ் 150 கிராம், அமெரிக்கன் சீஸ் 4 வில்லை, புரோவலோன் 4 அல்லது 5 வில்லை, எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை இல்லாமல் சுண்டவைத்த பால்) 240 மி.லி., சோள மாவு (கார்ன் ஸ்டார்ச்), வினிகர், பொரிக்க ஒன்றரை லிட்டர் எண்ணெய். எவாப்பரேட்டட் மில்க் வாங்கும்போது டின்னைத் திருப்பிப் படித்துவிடுங்கள். பக்கத்திலேயே அதே அளவு டின்னில் கண்டென்ஸ்டு மில்க் இருக்கும். அது பாயசத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது.

முதலில் கிழங்கு. பாதி வேலை இதில்தான், நேரமும் இதற்குத்தான் ஆகும்.

அமெரிக்காவில் என்றால் ரஸ்ஸெட் வாங்குங்கள். தோல் சொரசொரப்பாக, பழுப்பு நிறத்தில் நீளமாக இருக்கும். மாவுச்சத்து அதிகம், தண்ணீர் குறைவு. ஊரில் வாங்குபவர்கள் தோல் தடித்த, அழுத்தினால் கல் போல இருக்கிற பழைய கிழங்காகப் பாருங்கள். நகம் பட்டால் தோல் உரிகிற புதுக் கிழங்கு குருமாவுக்கு நல்லது, பொரிக்க வேண்டாம். வாங்கியதை ஃபிரிட்ஜில் வைக்கவும் கூடாது. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அப்புறம் உள்ளே வேகுமுன் வெளியே கருத்துவிடும்.

ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு நறுக்குங்கள். அதைவிட மெல்லிசாக நறுக்கினால் மேலே வைக்கும் பாரத்தை அது தாங்காது. நறுக்கியதைக் குளிர்ந்த தண்ணீரில் அலசுங்கள். முதல் தண்ணீர் பால் போலக் கலங்கும், மூன்றாவது தண்ணீரில் தெளிந்துவிடும். பிறகு அரை மணி நேரம் ஊறட்டும்.

அடுத்து, இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் போட்டு, கிழங்கைச் சேர்த்து, லேசாகக் கொதிக்கும் சூட்டில் எட்டு நிமிடம். வினிகர் எதற்கு என்றால், காய்களின் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் புளிப்பான தண்ணீரில் சீக்கிரம் கரையாது. அதனால் கிழங்கு உள்ளே வெந்தாலும் உடையாமல் நிற்கும். பொரித்த பிறகு வினிகர் வாசனை துளியும் இருக்காது.

வடித்து, ஒரு துணியில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிவிடுங்கள். ஆவி அடங்க பத்து நிமிடம். தொட்டால் கையில் ஈரம் படக் கூடாது. அப்போது ஒரு மேசைக்கரண்டி சோள மாவைத் தூவி, கையால் மெல்லப் புரட்டுங்கள். கடைகளில் உறைந்து கிடைக்கும் ஃப்ரைஸில் ‘எக்ஸ்ட்ரா கிரிஸ்பி’ என்று போட்டிருக்குமே, அதிலும் மாவுப் பூச்சுதான் அந்த வேலையைச் செய்கிறது.

எண்ணெய்க்கு ரீஃபைண்ட் கடலை எண்ணெய் என்னுடைய தேர்வு. செக்கு எண்ணெய் தாளிக்க அருமையானது, ஆனால் இந்தச் சூட்டுக்கு நுரைத்துப் பொங்கும், சீக்கிரம் புகையும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். பக்கத்தில் மூடி ஒன்றைத் தயாராக வையுங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

முதல் பொரிப்பு 160 டிகிரி செல்சியஸில் நாலு நிமிடம். நிறம் மாற வேண்டாம், மேல் தோல் லேசாக இறுகினால் போதும். ஜல்லிக் கரண்டியால் எடுத்துக் கம்பித் தட்டில் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பேப்பர் டவலில் குவித்து வைத்தால் அடியில் இருப்பவை தங்கள் ஆவியிலேயே ஊறும். இரண்டாவது பொரிப்பு 190 டிகிரியில் மூன்று, நாலு நிமிடம். இது தட்டில் போடுவதற்குச் சற்று முன்னால்தான், ஆகவே இப்போதைக்கு அடுப்பை அணைத்துவிட்டு மற்ற வேலைகளைப் பார்க்கலாம். இந்த நிலையில் கிழங்கு மூன்று மணி நேரம்கூடக் காத்திருக்கும்.

தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். இருபது டிகிரி வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம், ஆனால் தட்டில் அது நன்றாகத் தெரியும்.

இவ்வளவு செய்ய நேரமில்லையா? உறைந்த ஃப்ரைஸ் வாங்குங்கள், குறையொன்றும் இல்லை. தொழிற்சாலையிலேயே ஒருமுறை வெந்து, ஒருமுறை பொரிந்துதான் அது பையில் வருகிறது. பாக்கெட்டில் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். அரிசி மாவோ ஸ்டார்ச்சோ இருந்தால் அதை எடுங்கள். பனி உருகவிடாமல் அப்படியே 190 டிகிரி எண்ணெயில் போடலாம், அல்லது ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் வைத்து, பாக்கெட்டில் சொன்னதைவிட நாலைந்து நிமிடம் கூடுதலாக விடலாம். பள்ளி இருக்கும் நாட்களில் எங்கள் வீட்டில் இதுதான்.

கிழங்கு ஆறும் நேரத்தில் வெங்காயம். நீளவாக்கில் நறுக்கி, கொஞ்சம் எண்ணெயில் மிதமான தீயில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம் வதக்குங்கள். கண்ணாடி போல ஆனதும் இறக்கிவிடும் பழக்கம் இங்கே உதவாது. அந்த நிலையில் அதனுள் இன்னும் நிறையத் தண்ணீர் இருக்கும். ஓரங்கள் பழுப்பாகி, அளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை விடுங்கள். குடைமிளகாயும் காளானும் போடலாமா என்று கேட்பார்கள். நான் போடுவதில்லை. இரண்டும் வதக்கிய பிறகும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். காரத்துக்கு இந்த ஊர் ஆட்கள் ‘லாங் ஹாட்’ என்ற நீளப் பச்சை மிளகாயைச் சுட்டு வைத்துக்கொள்வார்கள். அது கிடைக்காத இடத்தில் பஜ்ஜி மிளகாயை நேரடித் தீயில் சுட்டு, தோலை உரித்துக் கீறிப் போடுங்கள். நன்றாகவே சேரும்.

இப்போது கறி. ரிப்-ஐ துண்டில் கொழுப்பு வரிவரியாக ஓடியிருக்கும், அந்தக் கொழுப்பில்தான் ருசி. விலை கூடுதல்தான், இடுப்புப் பகுதிக் கறியான சிர்லாயினிலும் செய்யலாம், கொஞ்சம் உலர்ந்திருக்கும். ஃப்ரீசரில் முக்கால் மணி நேரம் வைத்தால் கறி விறைத்துக்கொள்ளும். அப்போது கூர்மையான கத்தியால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, காகிதம் போலச் சீவ வரும். நாரின் போக்கிலேயே சீவினால் மெல்ல முடியாது. சீவ மனமில்லை என்றால் கொரியக் கடைக்குப் போங்கள். புல்கோகி என்ற கொரியச் சுட்ட கறிக்கென்று ரிப்-ஐயை மெல்லிசாகச் சீவி வைத்திருப்பார்கள், அது அப்படியே பொருந்தும்.

சீவியதைப் பேப்பர் டவலில் ஒற்றி எடுங்கள். தோசைக்கல் இருந்தால் அதுதான் இதற்குச் சரியான பாத்திரம். பழைய வார்ப்பிரும்புக் கல்லாக இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து நிமிடம் நன்றாகக் காயட்டும். தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓட வேண்டும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, கறியில் பாதியை மட்டும் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். மொத்தத்தையும் ஒன்றாகப் போட்டால் கல் சூடு இறங்கி, கறி தன் சாற்றிலேயே வேக ஆரம்பிக்கும், நிறம் சாம்பலாகிவிடும்.

போட்டதும் கிளறாதீர்கள். ஒன்றரை நிமிடம் கை வைக்காமல் இருந்தால் அடியில் கரும்பழுப்பாகப் பொருக்கு பிடிக்கும். சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருங்கள்: சடசடவென்று இருந்தால் சரி, கொதிக்கும் சத்தமாக மாறினால் தண்ணீர் விட்டுவிட்டது, தீயை ஏற்றுங்கள். பிறகு திருப்பிப் போட்டு, இரண்டு தோசைத் திருப்பிகளால் கொத்துங்கள். கொத்து பரோட்டாவுக்குக் கொத்துவது போல அவ்வளவு பொடியாக வேண்டாம், முள்கரண்டியில் ஒரு ஃப்ரையோடு சேர்ந்து வரும் அளவுக்கு இருந்தால் போதும். இன்னொரு நிமிடம். உப்பும் மிளகும் இப்போதுதான். முதலிலேயே உப்பிட்டு வைத்தால் கறியின் ஈரத்தை அது வெளியே இழுக்கும், பொருக்கு பிடிக்காது.

வெந்ததை ஒரு வடிகட்டியில் போட்டுக் கீழே கிண்ணம் வையுங்கள். மீதிப் பாதிக்கும் இதேதான். கிண்ணத்தில் இரண்டு மூன்று கரண்டி சாறு சேரும். அதைக் கொட்டிவிடாதீர்கள், சாஸுக்கு வேண்டும். அந்தச் சாறு ஃப்ரைஸ் மேல் விழுந்தால் கெடுதல், சீஸோடு கலந்தால் மணம்.

சீஸ் விஷயத்தில் இந்த ஊரில் ஆளுக்கு ஒரு கட்சி. 2003-இல் அதிபர் தேர்தலுக்கு ஆதரவு திரட்ட வந்த ஜான் கெர்ரி, பாட்ஸ் கடையில் நின்று, சீஸ்ஸ்டேக்குக்குச் சம்பந்தமே இல்லாத சுவிஸ் சீஸ் கேட்டுவிட்டார். அதை இன்றும் சொல்லிக் காட்டுவார்கள். நான் மூன்று சீஸை இரண்டு இடத்தில் போடுகிறேன், இரண்டு இடத்திலும் தனித்தனி வேலை. புரோவலோன் கறியோடு, செடாரும் அமெரிக்கனும் சாஸில்.

சாஸ்: செடாரைக் கட்டியாக வாங்கி வீட்டிலேயே துருவுங்கள். துருவியே விற்பதில் ஒட்டாமல் இருக்கச் செல்லுலோஸோ மாவோ தூவியிருப்பார்கள், சாஸ் மணல் மணலாக வரும். துருவலில் இரண்டு தேக்கரண்டி சோள மாவைப் பிசிறி, எவாப்பரேட்டட் மில்க்கோடு சிறு பாத்திரத்தில் போட்டு, மிகக் குறைந்த தீயில் கிளறுங்கள். உருகியதும் அமெரிக்கன் வில்லைகளைப் பிய்த்துப் போடுங்கள். இதைச் சிலர் மட்டமான சீஸ் என்று ஒதுக்குவார்கள், ஆனால் சாஸுக்கு இதைவிட உதவும் பொருள் கிடையாது. அதிலுள்ள சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள்தான் கொழுப்பையும் புரதத்தையும் பிரியாமல் சேர்த்து வைக்கின்றன. சீஸைச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்கு ஜேம்ஸ் கிராஃப்ட் 1916-இல் காப்புரிமை வாங்கினார்.

எவாப்பரேட்டட் மில்க்கில் பாலின் தண்ணீரில் பாதிக்கு மேல் ஏற்கெனவே போயிருக்கும். சாதாரணப் பாலில் செய்தால் அந்தத் தண்ணீரெல்லாம் நேராக ஃப்ரைஸுக்குத்தான் போகும். ஐந்து நிமிடத்தில் சாஸ் கெட்டியாகும். கரண்டியின் பின்புறம் பூசி நடுவில் விரலால் கோடு போடுங்கள். கோடு மூடாமல் அப்படியே நின்றால் பதம் சரி. கறிச் சாற்றில் ஒரு மேசைக்கரண்டியும், ஹாட் சாஸ் ஒரு தேக்கரண்டியும் சேர்த்து, ருசி பார்த்த பிறகே உப்பு. பெரும்பாலும் உப்பே தேவைப்படாது. தீயைக் கொதிக்கும் அளவுக்கு ஏற்றினால் எண்ணெய் பிரிந்துவிடும்.

இனி கடைசிப் பத்து நிமிடம். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது. எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டிப் பக்கம் மகள், கல் பக்கம் நான்.

“எடுத்துடவாம்மா?”

“இன்னும் நிறம் வரட்டும்டி. கரண்டியில அள்ளி ஆட்டிப் பாரு, கலகலன்னு சத்தம் வரணும்.”

அந்தச் சத்தம் வருமுன் எடுக்காதீர்கள். சாதாரணமாகச் சாப்பிட எடுக்கும் ஃப்ரைஸைவிட ஒரு படி கூடுதல் சிவப்பாகவே இது இருக்க வேண்டும். எடுத்தவுடன் பொடி உப்பைத் தூவுங்கள், எண்ணெய்ப் பசை இருக்கும்போதுதான் உப்பு பிடிக்கும்.

அவள் பொரிக்கும்போதே நான் கறியையும் வெங்காயத்தையும் கல்லில் ஒன்றாகச் சேர்த்து, குறைந்த தீயில் நாலு குவியலாக ஒதுக்கி, மேலே புரோவலோன் வில்லைகளை வைத்து அரை நிமிடம் மூடுகிறேன். திறந்தால் சீஸ் கறியின் இடுக்குகளில் வழிந்திருக்கும். ஒருமுறை மடித்துப் பிரட்டினால், தனித்தனியாக உதிர்ந்த கறி சீஸில் ஒட்டிக் கொத்துக் கொத்தாகும். மிச்சமிருக்கும் சாறும் அந்தச் சீஸுக்குள்ளேயே நின்றுவிடும், கீழே கசியாது. புரோவலோனைக் கறியோடு சேர்ப்பது இதற்காகத்தான்.

பரிமாறுவதற்கு ஆழமான கிண்ணம் வேண்டாம். பேக்கிங் தட்டு மாதிரி அகலமானது வேண்டும். ஃப்ரைஸை ஒன்று, ஒன்றரை அடுக்குக்கு மேல் குவிக்காமல் பரப்புங்கள். நடுவில் கறிக் கொத்துகள். ஓரம் முழுக்க இரண்டு அங்குலம் காலியாக இருக்கட்டும், கையால் எடுத்துச் சாப்பிட வசதி. சாஸை மேலே கோடு கோடாக விடுங்கள், முழுவதையும் மூட வேண்டாம். மீதியைச் சின்னக் கிண்ணத்தில் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இங்கே சிக்கீஸ் அண்ட் பீட்ஸ் என்ற கடையில் கிராப் ஃப்ரைஸ் என்று ஒன்று பிரபலம். நண்டு கிடையாது, நண்டுக்குப் போடும் மசாலா தூவிய நெளிநெளி ஃப்ரைஸ். அவர்கள் வெள்ளைச் சீஸ் சாஸைத் தனிக் கோப்பையில்தான் தருவார்கள், அதனால் கடைசித் துண்டுவரை மொறுமொறுவென்றே இருக்கும்.

சுட்ட மிளகாயைக் கடைசியாகத் தூவுங்கள். ஊறுகாய் போட்ட மிளகாய் என்றால் வினிகரைப் பிழிந்துவிட்டு. எல்லோரும் மேசையில் உட்கார்ந்த பிறகுதான் தட்டை அடுக்கவே தொடங்க வேண்டும்.

மாட்டுக்கறி சாப்பிடாதவர்களுக்குக் கோழித் தொடைக்கறியை எலும்பு நீக்கி, அதேபோல அரை உறைவில் சீவிச் செய்யலாம். சிக்கன் சீஸ்ஸ்டேக் இந்த ஊர்க் கடைகளிலேயே உண்டு. முழுக்க வெந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். கலிபோர்னியாவின் சான் டியேகோவில் செய்யும் கார்னே அசாடா ஃப்ரைஸ் வேறு வகை: எலுமிச்சையிலும் பூண்டிலும் ஊறிச் சுட்ட கறி, மேலே அவகாடோ மசியல், புளித்த கிரீம். அதையும் இந்தக் கிழங்கோடு செய்யலாம். குளிர்ந்த பொருட்களைச் சாப்பிடும் நேரத்தில் ஓரமாக வையுங்கள், பரப்ப வேண்டாம்.

மிஞ்சும் என்று தெரிந்தால் அடுக்குமுன்பே தனித்தனியாக எடுத்து வையுங்கள். சாஸ் ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருக்கும். ஒரு கரண்டி பால் விட்டுக் குறைந்த தீயில் சூடாக்கினால் பழையபடி இளகும். கறியைக் கல்லில் பிரட்டினால் போதும். ஃப்ரைஸை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஏர் ஃபிரையரில் 200 டிகிரியில் நாலு நிமிடம். சாஸ் பட்டுவிட்ட ஃப்ரைஸ் மீந்தால், மறுநாள் காலை அதைப் பொடியாக நறுக்கிக் கல்லில் முறுகவிட்டு, மேலே இரண்டு முட்டை உடைத்து ஊற்றுங்கள்.